க தீர்ந்த இடத்தில் படாடோபம்

படாடோபம் என்று ஒரு சொல் இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் உதடு ஒட்டும், டா-வில் வாய் திறக்கும், டோ-வில் கன்னம் உப்பும், கடைசியில் பம் என்று மூடிக்கொள்ளும். உள்ளே எதுவும் போயிருக்காது, வெளியே எதுவும் வந்திருக்காது. வெறும் காற்று. அகராதியே வேண்டாம், சொல்லிப் பார்த்தாலே அர்த்தம் விளங்கிவிடும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு விளங்கவில்லை. விளங்காமல் போனதால் என் தங்கச்சியின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லைக் கல்யாண வீட்டு வாசலில்தான் கேட்டிருக்கிறேன். "படாடோபமால்லா நடத்திட்டாரு" என்பார்கள். சொல்லுகிறவர் மெச்சுகிறாரா, பொருமுகிறாரா என்பது அவருக்கு முதல் பந்தியில் இலை கிடைத்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பெரிசு, ஜோர், கம்பீரம், அந்த வகையைச் சேர்ந்த சொல் என்று நானாக முடிவுகட்டி வைத்திருந்தேன்.

எனக்குப் பிழைப்பு தென்காசியில் ஒரு சின்ன அச்சகத்தில் அச்சுக் கோர்ப்பது. ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்த பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக நிறுத்த வேண்டும். ஒரு சொல்லை வாயால் சொல்லுகிறவனுக்கு அது சும்மா வந்தது. எழுதுகிறவனுக்கு ஒரு சொட்டு மை. எனக்கு அது எடை. எவனோ ஒருவன் 'சகலகலா ஸம்பன்னரும் ஸத்குண ஸிரோன்மணியுமாகிய' என்று எழுதிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவான். என் விரல் போய் ஸ-வைத் தேட வேண்டும். பத்து வருஷம் அந்த வேலை பார்த்தவனுக்கு ஊரில் யார் எவ்வளவு வெட்டியாகப் பேசுகிறார்கள் என்பது கைவலியாகவே தெரிந்துவிடும்.

ஐம்பதுகளில் எல்லாம் ஸ்ரீயும் ஷ-வும்தான். காதுகுத்துக்கூட 'கர்ணபூஷண மஹோத்ஸவம்' என்று வரும். குத்தப்போவது என்னவோ தட்டார் தெரு ஆசாரிதான். அறுபது பிறந்ததும் காற்று மாறியது. விவாஹ சுபமுகூர்த்தப் பத்திரிகை போய்த் திருமண அழைப்பிதழ் வந்தது. எனக்குச் சந்தோஷம். இனிமேல் மனுஷன் பேசுகிற மாதிரி எழுதுவார்கள் என்று நம்பினேன். எழுதியவர்கள் அதே ஆட்கள். ஸ அறையில் ஒட்டடை படிந்தது, க அறை காலியாயிற்று. அடுக்குமொழி என்று அதற்குப் பெயர். ஓர் எழுத்தைப் பிடித்தால் அது செத்து விழும்வரை விடமாட்டார்கள். 'கண்டோர் களிக்கும் கன்னல் மொழி கக்கும்' என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். கரும்புச் சாற்றை எவனாவது கக்குவானா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற ஆள் நானில்லை.

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். அச்சிட்டு, காய்ந்து, கட்டிக் கொடுத்தனுப்பிய நோட்டீஸை மனசுக்குள் மறுபடியும் வாசித்துக்கொண்டிருப்பேன். சோற்றைப் பிசைகிற கை பாதியில் நின்றுவிடும். மூன்று சுழி ண போட்டோமா, இரண்டு சுழி ன போட்டோமா. "உங்க அண்ணனுக்குக் கஞ்சில கூட எழுத்துப்பிழை தெரியுது" என்று அம்மா தங்கச்சியிடம் சொல்லுவாள்.

அந்தத் தங்கச்சிக்குத்தான் மாப்பிள்ளை அமைந்தது. அப்பா போய் வெகுநாளாகியிருந்தது. நல்லது கெட்டது எல்லாம் நான்தான் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை தபால் ஆபீஸில் தந்தி அனுப்புகிற வேலை. தந்தி அடித்தே அவர் பேச்சும் அப்படியாகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர், காப்பியைக் குடித்துவிட்டு, "பிடிச்சிருக்கு. தேதி சொல்லுங்க" என்றார். ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம். ஆனால் கூட அவருடைய தாய்மாமா வந்திருந்தார்.

தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர் இந்த மாமா. அச்சன்புதூரில் பலசரக்கு வியாபாரம். அந்த வட்டாரத்து வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்தில் பதினேழு பேர். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் பதினேழாயிரம் பேர் எதிரே நிற்பதாக நினைத்துக்கொள்வார். இடி விழுந்து பிளந்து கிடந்த எங்கள் ஊர்க் கோபுரத்தைக் காட்டி, "அது இடில பொளக்கலடே, அண்ணாச்சி ஒருக்க இங்கன மீட்டிங் போட்டாரு" என்று டீக்கடையில் சொல்லுவார்கள். வீட்டில் தண்ணீர் கேட்பதற்குக்கூட அவர், "ஒரு குவளை தண்ணீர் தந்தால் தாகம் தணியும்" என்பார். அதற்குள் எங்கள் அம்மா இரண்டு செம்பு கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

சிரிக்கிற விஷயமில்லை. இதே மாப்பிள்ளைக்குத் திருவேங்கடம் என்ற ஊரில் ஏற்கெனவே ஒரு இடம் பேசி முடித்து, தட்டு மாற்றுகிற அன்று இவர் எழுந்து போய்விட்டார். பெண்வீட்டார் "வாங்க அண்ணாச்சி" என்றார்களாம். "வாருங்கள் தலைவரே" என்று சொல்லவில்லையாம். அவ்வளவுதான் குற்றம். அந்தப் பெண்ணுக்கு அப்புறம் மூன்று வருஷம் வரன் வரவில்லை என்று கேள்விப்பட்டதிலிருந்து, நான் கனைத்தால்கூடத் தலைவரே என்று சேர்த்துக் கனைத்தேன்.

அப்போதெல்லாம் கல்யாணத்தில் வாழ்த்து மடல் என்று ஒன்று கட்டாயம். கலர்த் தாளில் அடித்து, ஒரு பிரதியைக் கண்ணாடி போட்டு, சபையில் உரக்க வாசித்து, மணமக்கள் கையில் கொடுப்பார்கள். தலைவர் தாமே எழுதி, தாமே வாசிப்பதாக ஏற்பாடு. அச்சடிப்பது பெண்ணின் அண்ணன். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எழுதிக் கொடுத்தார். நான்கு வரி மணமக்களுக்கு. மீதி முழுவதும், அவர்களை வாழ்த்தவந்த தம்மைப் பற்றி. 'ஸபைதனிலே ஸிம்ஹமும் ஸாஹஸத்தில் ஸூரியனும்' என்று போனது. பெட்டியில் கிடந்த ஸ எல்லாவற்றையும் தட்டிக்கொட்டிக் கோர்த்து முடித்தேன்.

முடித்த மறுநாள் தலைவரே வந்து நிற்கிறார். தென்காசியில் ஏதோ பொதுக்கூட்டம், அதில் மீசை முளைக்காத ஒருவன் அடுக்குமொழியில் பேசிக் கைதட்டல் வாங்கிவிட்டானாம். "தம்பி, வடமொழியை வடிகட்டிவிட்டேன். இனி வண்டமிழ்தான்" என்று புதுக் காகிதத்தை நீட்டினார். சிங்கம் அப்படியே இருந்தது, பெயரைத்தான் அரிமா என்று மாற்றியிருந்தார். மற்றதெல்லாம் க. கன்னித் தமிழின் காவலர், கற்றோர் கைகுவிக்கும் கதிரவன், கயவர் கலங்கும் கடுஞ்சொல் கணையாளர். கோர்த்த ஸ-வை எல்லாம் பிரித்து அதனதன் அறையில் போட்டுவிட்டு க-வைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

கடைசி அடுக்குக்கு வந்தபோது க தீர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்று குறைந்தது.

அச்சுக் கோர்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை. வேறு எழுத்தொன்றைத் தலைகுப்புறக் கவிழ்த்து இடம்பிடித்துவிட்டு, எங்கிருந்தாவது இரவல் வாங்கி மாற்றுவோம். பக்கத்துத் தெரு அச்சகத்துக்குப் போனேன். அங்கே அந்தப் பொதுக்கூட்டப் பேச்சையே புத்தகமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். "ஒங்க க-வைத்தான் நாங்க கேக்க வரணும்னு இருந்தோம்" என்றான் அங்கே கோர்க்கிறவன். திருநெல்வேலிக்குப் போய் வாங்க முதலாளி விடவில்லை. "ஒரு க-வுக்காக பஸ் ஏறுவியாலே. அந்த எடத்துல வேற வார்த்தை போடு. அவருக்கே நெனவிருக்காது" என்றார்.

நின்றுபோன இடம் 'கம்பீரப் பேச்சாளர்' என்ற இடம். கம்பீரத்துக்குச் சமமாக, க இல்லாமல் ஒரு சொல் வேண்டும். கல்யாண வாசல்களில் கேட்டது ஞாபகம் வந்தது. படாடோபப் பேச்சாளர். நாக்கில் எண்ணினால் கம்பீரமும் ஐந்து எழுத்து, படாடோபமும் ஐந்து எழுத்து. ஆனால் அச்சில் இதற்குக் கொம்பும் காலும் வைத்து இடத்தை அடைத்தது. பக்கத்துச் சொற்களை நெருக்கித் தள்ளித்தான் வரியில் உட்கார்த்த முடிந்தது. அப்போதாவது நான் யோசித்திருக்கலாம்.

புரூப் எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போனேன். சாரல் காலம் முழுக்கத் தலைவர் அங்கேதான். உடம்பு முழுக்க எண்ணெயோடு மெயின் அருவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எண்ணெய்க் கை, தொட மாட்டேன், வாசியுங்கள், செவிமடுக்கிறேன் என்றார். தண்ணீர் விழுகிற இரைச்சலில் நான் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டியிருந்தது. கன்னித் தமிழின் காவலரே என்று நான் கத்த, சாரல் வாய்க்குள் போக, கையிலிருந்த தாள் நனைந்து தொங்க, செங்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு மலையாளக் குடும்பம் ஏதோ பூஜை என்று நினைத்து ஒதுங்கிக் கைகூப்பி நின்றது.

அந்த இடம் வந்ததும் தலைவர் கையை உயர்த்தினார்.

"என்ன அது?"

"படாடோபம், தலைவரே."

"நான் எழுதவில்லையே."

க தீர்ந்துவிட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. திருவேங்கடத்துப் பெண்தான் கண்முன் நின்றாள். "கம்பீரத்த விடப் பெரிசு, தலைவரே" என்றேன்.

"பெரிதா?"

"ரொம்பப் பெரிசு."

எண்ணெய் வழிகிற முகத்தோடு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். கன்னம் உப்பியது. பிடித்துவிட்டது என்று தெரிந்தது. "இருக்கட்டும். யார் யாரோ கம்பீரம் கம்பீரம் என்று காதைக் குடைகிறார்கள்" என்று சொல்லிவிட்டு அருவிக்குள் போனார். முதல் அடி தலையில் விழுந்ததும் வண்டமிழ் கழன்று ஓடிவிட்டது. "யாத்தே, ஏலே, புடிலே, வழுக்குதுலே" என்ற சத்தம் மட்டும் வந்தது. அவர் பேசி நான் கேட்ட நல்ல தமிழ் அதுதான்.

முந்நூறு பிரதி அடித்து, அவருடைய ஆள் வந்து எடுத்துக்கொண்டும் போய்விட்டான். அன்றைக்கு மத்தியானம் மண்டகப்படிக்காரர் வந்தார். பெரிய கோயில் திருவிழாவில் ஒருநாள் மண்டகப்படி அவர் குடும்பத்துக்கு. என் வயதுதான். சமஸ்கிருதம் படித்துவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருவிழா நோட்டீஸுக்கு வந்தவர், மேசையில் கிடந்த மடலை எடுத்து வாசித்து, ஓரிடத்தில் நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"யாரு எழுதினா இத? தைரியசாலிதான்."

"ஏன், தப்பா இருக்கா?"

"தப்பே இல்ல. படாடோபம்னா பாம்பு படத்த விரிச்சுக் காட்டுதது. கொத்துததுக்கு ஒண்ணும் இருக்காது. விரிச்சுக் காட்டுததோட சரி. அப்படிப் பேசுத ஆளுன்னு அச்சுப்போட்டிருக்கீங்க. அவரு வீட்டுக் கல்யாணத்துலயே வாசிக்கப் போறீங்களாக்கும்?"

அப்படியே தாள் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். க தீர்ந்ததையும் சொன்னேன். அவர் இன்னும் அதிகமாகச் சிரித்தார். "கம்பீரமும் வடமொழி, படாடோபமும் வடமொழி. வடிகட்டின லட்சணம் அது" என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குத் தம்மையும் தலைவர் அழைத்திருப்பதாகவும், கட்டாயம் வருவதாகவும் சொல்லிப் போனார்.

அந்த மூன்று நாள் நான் இருந்த இருப்பை எழுத எனக்குத் தெம்பில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லிவிடலாமா என்று தபால் ஆபீஸ் வாசல்வரை இரண்டு தரம் போனேன். உள்ளே கட்கட் என்று தந்தி அடிக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிவந்தேன். தங்கச்சி கேட்டாள்.

"என்னண்ணே, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லட்டி. தூக்கமில்ல."

"கல்யாணம் எனக்கா, ஒனக்கா?"

கல்யாணம் எங்கள் தெருவிலேயே, பந்தல் போட்டு. ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். தாலி கட்டியதும் கூட்டம் பந்திக்கு ஓடிவிடும், அதனால் மடலை முன்னாலேயே வாசித்துவிட வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். தாலி தட்டில் இருக்கிறது. தங்கச்சி குனிந்த தலையோடு மணையில் இருக்கிறாள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குகிறார். அவரவர் க-வை எண்ணியபடி உட்கார்ந்திருந்தோம். குழந்தைகள் அழுதன. நாதசுரக்காரர் சீவாளியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டார். மணி பத்தே கால் ஆகும்போதுதான் அந்த வரி வந்தது.

"படாடோபப்... பேச்சாளர்" என்று இழுத்து, கைதட்டலுக்காக நிறுத்தினார் தலைவர். கைதட்டலுக்குப் பதில் முன்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. மண்டகப்படிக்காரர். துண்டு இருந்தும் பிரயோஜனமில்லை.

தலைவர் மடலைத் தாழ்த்தினார். "ஐயா எதற்காகச் சிரித்தார்கள் என்று இந்த அவை அறியலாமா?"

மண்டகப்படிக்காரர் எழுந்தார். ஒருதரம் மணையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சந்தோசத்துல சிரிச்சேன் தலைவரே. பாம்பு படமெடுத்து நிக்கது இருக்குல்லா, அதுக்குத்தான் அந்தப் பேரு. ஒங்களுக்குப் பொருத்தமான வார்த்தை."

பாதி அர்த்தம்தான் சொன்னார். மீதியை விழுங்கிவிட்டார். தலைவரின் முகம் மெல்ல மலர்ந்தது. சபையைச் சுற்றி ஒரு பார்வை. "கேட்டீர்களா. அரிமா என்று நானே அடக்கமாகச் சொல்லிக்கொண்டேன். அரவம் என்கிறார் ஐயா" என்று ஆரம்பித்து, பாம்பைப் பற்றி அ-வில் அடுக்கப் போனார்.

மணையிலிருந்து மாப்பிள்ளை நிமிர்ந்தார். "மாமா. முகூர்த்தம். ஆறு நிமிசம்."

யாருக்கும் காத்திராமல் தாலியை எடுத்தார். நாதசுரக்காரர் அவசரத்தில் சீவாளியை மாட்டி ஏதோ ஒன்றை ஊதினார். அட்சதை விழுந்தது. நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்லது. தலைவருக்கு அந்தச் சொல் பட்டமாகிவிட்டது. கடிதத் தாளில், சங்கத்து நோட்டீஸில், பொங்கல் வாழ்த்தில் எல்லாம் 'படாடோபப் பேச்சாளர்' என்று போடச் சொல்லி எங்கள் அச்சகத்துக்கே அனுப்புவார். ஒவ்வொரு தரமும் நானே கோர்க்க வேண்டும். ஊருக்கு அர்த்தம் தெரிந்துபோய், "படாடோபம் வருது, வழி விடுங்கலே" என்று கடைவீதியில் சொல்லுவார்கள். அவர் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டு போவார். என்றைக்கு அவருக்கு அர்த்தம் தெரியுமோ அன்றைக்கு என் தங்கச்சி பெட்டியோடு வாசலில் வந்து நிற்பாள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். ஒரு வருஷம் இரண்டு வருஷமில்லை, ஏழு வருஷம். அவள் ஆடிக்கு அம்மாவைப் பார்க்க வந்தால்கூட முதலில் கையில் பெட்டி பெரிசா சின்னதா என்றுதான் பார்ப்பேன். அவள் வீட்டு முன்னறையில் அந்த மடல் கண்ணாடிக்குள் தொங்கியது. அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன்.

அறுபதுகள் முடிகிற சமயம் தலைவர் காலமானார். மச்சான், அதாவது அந்தத் தந்திக்கார மாப்பிள்ளை, பதினாறாம் நாள் பத்திரிகைக்கு எழுதி எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். தங்கச்சியும் கூட வந்திருந்தாள். பெயர், ஊர், இறந்துபோனார், ஞாயிற்றுக்கிழமை விசேஷம், வரவும். மொத்தம் நான்கு வரி. துக்க வீட்டில் சொல்லக்கூடாதுதான், ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதில் எனக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது. க தீர்ந்த கதையை மச்சானிடம் முதல்முதலாகச் சொன்னேன்.

அவர் கேட்டுவிட்டு, "தெரியும்" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"மாமாவுக்கும்."

தங்கச்சிதான் மீதியைச் சொன்னாள். கல்யாணம் முடிந்த மறுவாரமே தலைவர் அகராதி வாங்கிவரச் சொல்லிப் பார்த்துவிட்டாராம். ஒருநாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடவில்லையாம். சாயங்காலம் மச்சானைக் கூப்பிட்டு, "இத யாருட்டயும் சொல்லிராதல. முந்நூறு பேருக்குக் குடுத்தாச்சு" என்றாராம். அப்புறம்தான் கடிதத் தாள் அடிக்கச் சொன்னது. தெரியாமல் வாசித்தவர் என்று ஊர் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தெரிந்தே ஏழு வருஷம் படத்தை விரித்துக்கொண்டு அலைந்திருக்கிறார் மனுஷன். அவரை நான் எவ்வளவோ ஏளனம் செய்திருக்கிறேன். அந்த ஏழு வருஷத்துக்குப் போதுமான ஏளனம் என்னிடம்கூட இல்லை.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நான் செத்துப் பொழச்சிட்டு இருந்தேன்" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ வேற எதுக்காவது பயந்துட்டு இருந்திருப்ப" என்றாள் தங்கச்சி. "இதுன்னா பழகின பயம்லா."

அப்புறம் அவள் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். "பட்டம் போடலியா? வெறும் பேரப் போட்டா யாரு செத்தாருன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?"

மச்சான் யோசித்தார். "போடுங்க" என்றார்.

பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். அந்த வருஷம்தான் முதலாளி புது எழுத்து வாங்கியிருந்தார். க அறை நிரம்பி வழிந்தது. கம்பீரம் என்று போட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. நான் ப-வை எடுத்தேன்.